சிவப்பு டேப்பின் உயரம்

நான் நூற்றுத் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் கேட்கத்தான் போகிறீர்கள். லிஃப்டில் கேட்கிறார்கள், நூடுல்ஸ் கடையில் கேட்கிறார்கள், பல் பிடுங்க வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது அந்த டாக்டரம்மாவும் கேட்டாள். ஐம்பத்து நாலு வருஷமாகத் தைப்பேயில் இருக்கிறேன், ஒரு பஸ்ஸிலாவது நிமிர்ந்து நின்றதாக நினைவில்லை. என்னைப் போன்றவனுக்கு எங்கள் பேச்சில் ‘லோ-கா’ என்று பெயர். நெட்டைக்காலன். யூ சுன்-ஹாங் என்ற என் சொந்தப் பெயர் வங்கியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தொழில், குரூப் போட்டோ. பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு, கோயில் கமிட்டி, எண்பதாவது பிறந்தநாள் விருந்து என்று எங்கே நாற்பது பேருக்கு மேல் வரிசையாக நிற்க வேண்டுமோ அங்கே நாங்கள் இருப்போம். நாங்கள் என்றால் நானும் அ-தோங்கும். லாய் சின்-தோங். என்னைவிட மூன்று வயது பெரியவன், உயரம் நூற்றைம்பத்து மூன்று. குள்ளக் கத்திரிக்காய். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கோயில் வாசலில் போய் இறங்கினால் போதும், “ஏழாவது ஐயாவும் எட்டாவது ஐயாவும் வந்துட்டாங்கடோய்!” என்று எவனாவது கத்துவான். ஊர்வலத்தில் முன்னால் கையை வீசிக்கொண்டு ஆடி வரும் நெட்டைச் சாமியும் குட்டைச் சாமியும் அவர்கள். உயிர்த் தோழர்களாக இருந்து சாமியானவர்கள். பாலத்தடியில் காத்திருப்பதாகச் சொன்ன சொல்லுக்காக, வெள்ளம் ஏறியும் நகராமல் நின்று குட்டையன்தான் முதலில் செத்தான் என்பது கதை. “நான்லாம் அப்படி இல்லடா. மழைன்னா ஓடிருவேன்” என்பான் அ-தோங். சிரிப்போம்.

எங்களிடம் கேமரா இரண்டு இருந்தது, ட்ரைபாட் ஒன்றுதான். ஆரம்பத்தில் வசதி இல்லை. வசதி வந்த பிறகும் அப்படியே பழகிப்போயிற்று. ஒருவன் கேமராவுக்குப் பின்னால் நிற்பான். மற்றவன் ஜனங்கள் பக்கத்தில் நின்று, தாடையை இறக்கு, தொப்பியைக் கழற்று, பாப்பாவைத் திருப்பு என்று மேய்ப்பான். அரை நாளில் இடம் மாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் ட்ரைபாடை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் ஜனங்கள் கலைந்துவிடுவார்கள். அதனால் முதல் நாளே மூன்று கால்களிலும் ஒரே அளவில் சிவப்பு டேப்பை ஒட்டினான் அ-தோங். “இதுதான் நம்ம உசரம். ரெண்டு பேருக்கும் நடு” என்றான்.

நடுவாம்! எனக்கு அந்த நடு தோளுக்கும் கீழே இருந்தது. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தண்ணீர் குடிக்கிற ஒட்டகச்சிவிங்கி மாதிரி நின்றால்தான் எனக்குக் கண்ணில் ஏதாவது தெரியும். அவனுக்கென்ன, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றால் முடிந்தது. எங்கள் ட்ரைபாடுக்கு நடுவே கனத்துக்காக சாமான் பையைத் தொங்கவிடுவது வழக்கம். அந்தப் பைக்கு மேலே அவனுடைய வழுக்கை மட்டும் தெரியும். எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் மூச்சு விடுகிற நேரம் பார்த்து, “இருங்க, இன்னொண்ணு” என்பான். சும்மா சொல்லக் கூடாது, அந்த இன்னொன்றில்தான் முகங்கள் நன்றாக இருக்கும்.

என் முதுகுக்குப் பழிவாங்க எனக்கு இருந்த ஒரே ஆயுதம் அவன் கெண்டைக்கால். ஆள் குச்சி, கை குச்சி, கெண்டைக்கால் மட்டும் இரண்டு முள்ளங்கி. கோடையில் அரைக்கால் சட்டை போட்டு வந்தானானால் விடவே மாட்டேன்.

“அண்ணே, முள்ளங்கி கிலோ என்ன விலை?”

“வாங்கிட்டுப் போய் எலும்போட போட்டு சூப் வைடா, முதுகுக்கு நல்லது” என்பான்.

இந்த ஏப்ரலில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆறாம் வகுப்பைப் பிரிவு பிரிவாக எடுத்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது பிரிவில் என் முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். முப்பது பிள்ளைகளும் ஹோவென்று சிரித்தன. அ-தோங் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்தான். வலி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். அவன் கையைத் தட்டிவிட்டு, டீச்சர்களெல்லாம் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“இருபத்திரண்டு வருஷம்டா! உன் குட்டை உசரத்துக்காகக் குனிஞ்சு குனிஞ்சு என் முதுகே போச்சு. நீ எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதாவது பண்ணியிருக்கியா?”

அவன் என் முகத்தையே பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். படவில்லை.

“சரிடா. குனிஞ்சது நீ. நான் சொகுசா நின்னேன்” என்றான்.

மிச்சமிருந்த பிரிவுகளையும் அவனே எடுத்து முடித்தான். சாயந்திரம் ட்ரைபாடை மடக்கி என் கையில் கொடுத்தான். “நீயே வச்சுக்க. இனிமே உன் உசரத்துக்கு நிறுத்திக்க.”

நான் ஃபோன் செய்யவில்லை. அவனே செய்யட்டும் என்றிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் ஒரு மாதமாவது தங்கிவிட்டுத்தான் போகும், அது பிறவிக் குணம். அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், இந்தத் தடவையும் காத்திருப்பான் என்று நினைத்தேன். நாற்பத்தோராவது நாள் காலையில் சந்தையில் வெங்காயத்தாள் வாங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் எந்த வேலைக்கும் போகவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. சாப்பாட்டுக் கடையில் “ஒரு பார்சல்” என்று சொல்வதைத் தவிர வாயைத் திறக்காத நாட்கள் உண்டு. ஒரு நாள் அந்தக் கடைக்காரன், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பார்சலைக் கட்டி நீட்டிவிட்டான். அன்று அந்த இரண்டு வார்த்தையும் போயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேன். வேறெப்படிச் சொல்வது, அழுதேன்.

அக்டோபரில் அண்ணி கூப்பிட்டாள். அ-தோங்கின் மனைவி சூ-யுன்.

“தம்பி, சனிக்கிழமை கோயில் மேளக் குழுவோட வருஷாந்திர போட்டோ. நூத்துப்பத்து பேராம். நீ வரியா இல்ல வேற ஆளை வைக்கட்டுமான்னு செயலாளர் கேக்குறாரு.”

“முதுகு, அண்ணி. இன்னொரு தடவை குனிஞ்சா கத்திதான்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“குனியாம எடு.”

“அதுக்கு என் உசரத்துக்கு ட்ரைபாட் கால் வேணும்.”

“வாங்கு. ஊர்ல கடையா இல்ல? இருபத்திரண்டு வருஷமா நீங்க எடுத்தது, வேற எவனோ வந்து எடுக்கவா? இதுக்கும் நீ வரலைன்னா அப்புறம் நீ எதுக்கும் வரமாட்டடா.”

அது உண்மை. இந்த ஒன்றுக்குப் போகாவிட்டால் கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவேன். அதோடு நானும் முடிந்தேன். வியாழக்கிழமை மதியம், மழையில், பழைய ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு போ-ஆய் சாலைக்குப் போனேன். அதைக் கொடுத்துவிட்டுப் புதிதை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். சிவப்பு டேப்பை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கேமராக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் ஓங் அக்காவின் கடையில் மட்டும் கேமரா கிடையாது. கால்களும் பைகளும்தான். நுழைந்ததும் தலை விளக்கில் இடித்தது.

“உடைஞ்சா அதையும் சேர்த்து வாங்கிட்டுப் போ” என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். அறுபது வயதிருக்கும். ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல மேலே, இன்னும் மேலே பார்த்தாள். “அட, லோ-காவா? என்ன வேணும்?”

“கால் வேணும்க்கா.”

“உனக்கா? கடவுள் குடுத்ததே மிச்சம் கிடக்கு. எங்க உன் குட்டையன்? எப்பவும் பை, திருகாணின்னா அவன்தானே வருவான்?”

சொன்னேன். துணியை மடித்து வைத்தாள். “எப்ப?” என்று மட்டும் கேட்டாள். ஜூனில் என்றேன். எழுந்துபோய்த் தேநீர் ஊற்றி வந்து ஒரு கிண்ணத்தை என் கையில் வைத்தாள். நான் அதைக் குடித்து முடித்தேன். பிறகு அவள், “சரி, தூணுல போய் நில்லு” என்றாள்.

அந்தக் கடைக்கு நடுவே ஒரு வெள்ளைத் தூண். ட்ரைபாட் வாங்க வருகிறவனை அதில் முதுகைச் சாய்த்து நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, உடம்பைத் தளர்த்தச் சொல்லி, கண்ணைத் திறந்ததும் கண் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுப் பெயர் எழுதுவாள். முப்பது வருஷத்துக் கோடுகள். “தலை உசரம் எவனுக்கு வேணும்? மயிராலயா பாக்குற? கண்ணு உசரம் சொல்லு” என்பது அவள் கடையின் முதல் பாடம். கண் உயரத்தில் இருந்து இருபது சென்டிமீட்டரைக் கழித்தால் கால் இருக்க வேண்டிய உயரம். அந்த இருபது, காலின் மேல் கேமராவைப் பூட்டும் தலைக்கும் கேமராவுக்கும்.

நாற்காலி போட்டு ஏறி எனக்குக் கோடு போட்டாள். “நூத்தி எண்பத்தாறு.” திரும்பிப் பார்த்தேன். மற்ற கோடுகளெல்லாம் கீழே கூட்டமாக, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கிடந்தன. என் கோடு மட்டும் வெள்ளைத் தூணில் தனியாக இருந்தது. அங்கேயும் அப்படித்தானா என்று இருந்தது எனக்கு.

“இப்பதான் திரை மடங்குற கேமரா வந்துடுச்சே, அதை வாங்கினா குனியவே வேணாம்” என்றாள்.

“வெயில்ல அந்தத் திரையில என் மூஞ்சிதான்க்கா தெரியுது. அதைப் பாக்கவா நான் போறேன்?”

“அதுவும் சரிதான்” என்று சிரித்தாள்.

முதலில் ஒரு மெல்லிய காலை எடுத்து விரித்தாள். கால்கள் எட்டாமல், நடுவில் இருக்கும் கம்பியைக் கிறுகிறுவென்று ஏற்றினாள். ஏற ஏற அது என் கண்ணுக்கே வந்துவிட்டது. ஆஹா, எடை இல்லை, தோளுக்குச் சுகம், இதையே கொடுங்கள் என்றேன். அவள் தன் தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி அதன் உச்சியில் வைத்துவிட்டு, பக்கத்தில் காலால் தரையைத் தொம்மென்று உதைத்தாள். தேநீர் சிந்தி வழிந்தது.

“பாத்தியா? நடுக்கம்பியைத் தூக்குனா அது எக்கி நிக்குதுன்னு அர்த்தம். எக்கி நிக்கிறது எதுவா இருந்தாலும் ஆடும். மனுஷனா இருந்தாலும் ஆடும். கம்பியே ஏத்தாம, காலாலயே உன் உசரத்துக்கு நிக்கணும், அதான் கால்.”

இரண்டாவது தடித்த அலுமினியம். தேநீர் நடுங்கியது, சிந்தவில்லை. ஆனால் உயரம் எனக்கு ஒரு சாண் குறைச்சல். மூன்றாவதை உள்ளறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு, கார்பன், ஒவ்வொரு காலும் என் மணிக்கட்டுத் தடிமன். நடுக்கம்பியே கிடையாது. விரித்து நிறுத்தினால் உச்சி நூற்று அறுபத்தாறு. கிண்ணத்தை வைத்துவிட்டு உதைத்தாள். மறுபடியும் உதைத்தாள். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். தேநீர் அசையவில்லை.

என் கேமராவை மேலே பூட்டினேன். போய் நின்றேன். குனியவில்லை. கழுத்தைக்கூட மடக்கவில்லை. கண் இருந்த இடத்தில் கேமராவின் பார்க்கும் துளை இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒரு சாமான் என் உயரத்துக்கு வந்து நின்றது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ‘நிறுத்திக்க’ என்று அவன் சொன்னதுதான் காதில் விழுந்தது.

“இதையே எடுத்துக்கிறேன். பழசைக் குடுத்துடுறேன்க்கா.”

“காட்டு.”

பழைய ட்ரைபாடைத் தூணுக்குப் பக்கத்தில் விரித்தேன். பழக்க தோஷம், மூன்று காலையும் சிவப்பு டேப் வரைக்கும்தான் இழுத்தேன். அக்கா பூட்டுகளைத் திருகிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், நல்ல சாமான் என்றாள். பிறகு டேப்பைத் தடவினாள். “இது என்ன?”

“எங்க உசரம். அவன் ஒட்டுனது. ரெண்டு பேருக்கும் நடுன்னு சொல்லி, அவன் உசரத்துக்கு ஒட்டிக்கிட்டான்.”

அளவுநாடாவை எடுத்துத் தரையிலிருந்து உச்சி வரை பிடித்தாள். நூற்று முப்பத்து மூன்று. “இதோட இருபது. நூத்தம்பத்து மூணு. அங்கதான் துளை இருக்கும்.” பிறகு தூணைச் சுற்றிப் போய்க் குனிந்து எதையோ தேடினாள்.

“ஏன்டா, இதுல அவனும் படம் எடுப்பானா?”

“பாதிப் படம் அவன் எடுத்ததுதான்.”

“எப்படி எடுப்பான்? அவன் கண்ணு எட்டாதே.”

“என்னக்கா சொல்றீங்க? அவன் உசரமே நூத்தம்பத்து மூணு.”

“தலை உசரம் எவனுக்கு வேணும்னு இப்பதானே சொன்னேன்! இங்க வா.”

தூணின் கீழ்ப்பக்கம், எல்லாக் கோடுகளுக்கும் அடியில், ஒரு கோடு. பென்சில் மங்கியிருந்தது. லாய் சின்-தோங், நூற்று நாற்பத்து நாலு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் தேதி. பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

“அவன் எதுக்கு இங்க அளவு குடுத்தான்?”

“தனக்குன்னு ஒண்ணு வாங்கத்தான் வந்தான். அளவெடுத்தேன், எடுத்துக் காட்டுனேன், பிடிச்சுப்போச்சு அவனுக்கு. அப்புறம் திடீர்னு வேணாம்க்கான்னுட்டான். ‘ஆளுக்கொரு கால் ஆயிடுச்சுன்னா அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வேலைக்குப் போயிடுவோம்க்கா. லோ-காவுக்கு வேற யாரு இருக்கா’ன்னான். ஒரு திருகாணி மட்டும் வாங்கிட்டுப் போனான்.”

அக்கா என் கேமராவைக் கழற்றிப் பழைய காலில் பூட்டி, துளையை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோனாள். துளை மேலே நின்றது. நாடாவைப் பிடித்தாள். ஒன்பது சென்டிமீட்டர்.

“அளவு தப்பு” என்றேன்.

“என் தூண் தப்பாது.”

“அப்போ வயசானா மனுஷன் சுருங்கிடுவான்ல...”

“சுருங்குனா இன்னும்தான் எட்டாது, மடையா.” செருப்பைக் கழற்றிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளும் குட்டை, கிட்டத்தட்ட அவன் உயரம். துளை அவள் நெற்றியில் இடித்தது. என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குதிகாலைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டே போனாள். தூக்கக்கூடிய கடைசி வரை தூக்கியதும் கண் துளையில் போய் உட்கார்ந்தது.

“இப்பதான் தெரியுது” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “அம்மாடி, அரை நிமிஷம் நிக்க முடியலையே.” குதிகாலை இறக்கிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

முள்ளங்கி.

இரண்டு முள்ளங்கி. கிலோ என்ன விலை என்று நான் கேட்டுக்கொண்டே இருந்த இரண்டு முள்ளங்கி. அவன் பூட்ஸெல்லாம் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். நடையே கோணல்டா உனக்கு என்று அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷம் அவன் என் எதிரில் நின்றான். தொங்கவிட்ட பைக்குப் பின்னால் அவன் கால் இருந்தது. ஒரு தடவை சுற்றிப்போய்ப் பார்த்திருக்கலாம். உயரமாகப் பிறந்தவன் கண்ணுக்கு எல்லாருடைய தலையும்தான் தெரிகிறது, பாதத்தை எங்கே பார்க்கிறேன்?

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பழைய ட்ரைபாடை மடக்கி என் மடியில் வைத்தாள்.

“இதை நீ குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்” என்றாள்.

புதிதற்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு வாங்கவில்லை. நனைந்த சட்டையோடு பழைய ட்ரைபாடை அறை நடுவே, டேப் வரைக்கும் இழுத்து நிறுத்தினேன். எனக்குக் குனிய வேண்டியது முப்பத்து மூன்று சென்டிமீட்டர். அவனுக்கு எக்க வேண்டியது ஒன்பது. என்னுடையதுதான் பெரிது என்று ஒரு கணம் தோன்றியது; இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவே போகாது. சரி பார்த்துவிடுவோம் என்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் குதிகாலைத் தூக்கி நின்றேன். நாற்பது நொடியில் கெண்டைக்கால் எரிந்தது. ஒரு நிமிஷத்தில் உடம்பு முழுக்க நடுங்கியது. ஒரு நிமிஷம் இருபது நொடியில் தசை பிடித்துக் கட்டிலில் விழுந்தேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற குரூப் என்றால் நாங்கள் ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் எடுப்போம். அவன் எடுத்த ஒரு படம்கூட ஆடியதில்லை. அதற்கு மேல் இன்னொண்ணு வேறு.

அண்ணியைக் கூப்பிட்டேன்.

“அண்ணி, அவனுக்குக் கால் வலிக்குமா?”

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

“யாரு சொன்னா உனக்கு?”

“வலிக்குமா, வலிக்காதா?”

“வேலைக்குப் போற நாளெல்லாம் வலிதான். வந்ததும் சுடுதண்ணியில காலை வச்சுக்கிட்டு உக்காந்துருப்பாரு. நான் தைலம் போட்டு நீவி விடுவேன். டேப்பை ஒரு நாலு விரல் இறக்கி ஒட்டுனா என்ன, உங்க கைதானே ஒட்டுனதுன்னு எத்தனையோ தடவை கேட்டுருக்கேன்.”

“என்ன சொன்னான்?”

“இன்னும் இறக்குனா அந்த நெட்டையன் முதுகு உடைஞ்சிரும்டீ. இதுக்கு மேல ஏத்துனா எனக்கு எட்டாது. இதான் நடு, அப்படின்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. சொன்னா நீ டேப்பை இறக்கிடுவியாம்.”

நான் இறக்கியிருப்பேனா? அவன் என்னைப் பற்றி அப்படி நினைத்திருந்தான். எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு நிச்சயம் இல்லை. “அண்ணி, நான் அவனை அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். வந்து சொன்னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஒரு மாசம் போகட்டும், கோவம் இறங்கிடும்னு காலண்டரைப் பாத்துக்கிட்டிருந்தாரு. சனிக்கிழமை போடா தம்பி.”

சனிக்கிழமை நல்ல வெயில். கோயில் படிக்கட்டில் நூற்றுப்பத்துப் பேர், முன்னால் பெரிய மேளம், அதைச் சுற்றிப் பிள்ளைகள். புதிய காலை விரித்து நிறுத்தினேன். பழையதையும் கொண்டுபோயிருந்தேன். அதை டேப் அளவுக்கு இழுத்து, அதன் உச்சியில் ஃபிளாஷைப் பூட்டி, ஜனங்கள் பக்கத்தில் எங்களில் ஒருவன் எப்போதும் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்துக்கு வெளிச்சம் வேண்டும், அது உண்மைதான்.

“என்ன, ஏழாவது ஐயா மட்டும் வந்துருக்காரு? எட்டாவது எங்க?” என்று மேல் படியிலிருந்து ஒரு மேளக்காரன் கத்தினான். பக்கத்தில் இருந்தவன் அவன் விலாவில் இடித்தான். நூற்றுப்பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“மழை வருதுன்னு ஓடிட்டான்” என்றேன்.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. யாரோ ஒரு கிழவி சிரித்தாள், பிறகு மூக்கைத் துடைத்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

நிமிர்ந்தே நின்றேன். முதுகு வலிக்கவில்லை. மேய்க்க ஆளில்லாததால் நானே அங்கிருந்து கத்தினேன்: தாத்தா, தொப்பி. பாப்பா, இங்க. மூணாவது வரிசை, தாடையை இறக்குங்க. பத்துப் படம் எடுத்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஜனங்கள் மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்தினார்கள். செயலாளர், “எடுத்தாச்சா?” என்றார்.

எடுத்தாயிற்று. மடக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் என் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன. எப்போது எழும்பின என்று எனக்கே தெரியாது. எனக்கு அது தேவையே இல்லை. கண் துளையைத் தாண்டி மேலே போய்விட்டது. கேமராவுக்கு மேலாக வெறும் கண்ணால் அத்தனை பேரையும் பார்த்தேன், ஓரத்தில் சிவப்பு டேப்போடு நிற்கும் அந்தக் கால்களையும் பார்த்தேன். கெண்டைக்கால் எரியத் தொடங்கியது.

“இருங்க, இன்னொண்ணு” என்றேன். குதிகாலை இறக்கவில்லை.